மரத்தை வெட்டும் முன்: அனுமதி, இழப்பீட்டு நடவு குறித்த கேள்வி பதில்

வனத்துறையில் சரகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், மரங்கள் தொடர்பான மனுக்களை எழுதவும் கள ஆய்வுக்கு உடன் செல்லவும் பலருக்கு உதவி வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வெட்டிக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த அதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் அது அனுமதி ஆகாது. கையில் தாள் இல்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள்.

கேள்வி (தாம்பரம், வீடு கட்டுபவர்): ஐயா, எங்கள் சொந்த மனையில் முப்பது வயதுள்ள வேப்ப மரம் ஒன்று நிற்கிறது. வீடு கட்டுவதற்காக அதை வெட்ட யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பதில்: மகாராஷ்டிரத்தில் 1975 முதலும், கர்நாடகத்தில் 1976 முதலும், தில்லியில் 1994 முதலும் தனியார் மனையில் உள்ள மரங்களையும் காக்கும் சட்டங்கள் இருக்கின்றன. தில்லிச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் மொத்தத்தில் 1 மீட்டர் உயரமும் இருந்தாலே அது மரம். அதை வெட்ட அனுமதி வேண்டும். தமிழ்நாட்டின் சமவெளி நகரங்களுக்கு இப்படியொரு தனிச் சட்டம் இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. ஆயினும் வெட்டும் முன் மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு யாரேனும் புகார் கொடுத்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

அதற்கும் முன்னால் உங்கள் வீட்டு வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பெரும்பாலான வரைபடங்களில் மனையில் நிற்கும் மரம் குறிக்கப்படுவதே இல்லை. வெற்று மனை என்று எண்ணியே பொறியாளர் கட்டடத்தை வரைந்துவிடுகிறார். நான் நேரில் சென்று பார்த்த மனைகள் பலவற்றில், மரம் நின்ற இடம் எப்படியும் காலியாக விட்டாக வேண்டிய பக்க இடைவெளிக்குள்தான் இருந்தது. கழிவுநீர்த் தொட்டியை எதிர்மூலைக்கு மாற்றினாலே அங்கெல்லாம் மரம் தப்பியிருக்கும். இவ்வளவும் பார்த்தபிறகும் வெட்டித்தான் தீர வேண்டும் என்றால், கிளைகளில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. 2022 இல் மலப்புரத்தில் நெடுஞ்சாலைப் பணிக்காக ஒரு மரத்தைச் சாய்த்தபோது நீர்ப்பறவைக் குஞ்சுகள் செத்து விழுந்தன. அதற்கு வழக்குப் பதிவாயிற்று. குஞ்சுகள் பறந்து போகும்வரை காத்திருங்கள்.

கேள்வி (சேலம்): பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை எங்கள் மாடிமேல் நீண்டு இலை கொட்டுகிறது. வெட்டலாமா?

பதில்: உங்கள் எல்லைக்குள் நீண்டுள்ள பகுதியை மட்டும், உங்கள் பக்கத்தில் நின்றபடியே வெட்டலாம். அவர்கள் மனைக்குள் நுழையக் கூடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்கு உரியவருடையவை. முதலில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். ஒரே பக்கம் மொட்டையடிக்கப்பட்ட மரம் எதிர்ப்பக்கம் பாரம் ஏறிச் சாயும் என்பதால், இரு வீட்டாரும் சேர்ந்து அளவாகக் கழிப்பதே நல்லது.

கேள்வி (கொடைக்கானல்): எங்கள் பட்டா நிலத்தில் நாங்களே நட்ட சில்வர் ஓக் மரங்களுக்குமா அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: ஆம். 1955 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலம், புறம்போக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழுவின் அனுமதி வேண்டும். மலைச்சரிவில் ஒருவர் வெட்டும் மரத்தின் விளைவு அவருக்குக் கீழே குடியிருப்பவரின் தலையில் மண்சரிவாக இறங்கும். சொந்த நிலமானாலும் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு அதுதான் காரணம். வெட்ட அனுமதி கிடைத்தபின், வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்ல வேறு அனுமதிச் சீட்டு தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவது வேறு, கொண்டுசெல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

கேள்வி (மன்னார்குடி, ஊராட்சி உறுப்பினர்): எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரங்களை வெட்டப் போவதாகச் சொல்கிறார்கள். தடுக்க முடியுமா? எங்கள் ஊரில் ஒருவர் அவற்றில் இரண்டு மரங்களுக்கு 2சி பட்டா இருக்கிறது என்கிறார்.

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 2சி பட்டா என்பது அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிப்பதற்கு வருவாய்த்துறை தரும் மரப் பட்டா. மகசூல் அவருடையது; நிலம் அவருடையதன்று, மரத்தை வெட்டி விற்கும் உரிமையும் தானாக வந்துவிடாது.

அரசு நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு, 2021 இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆட்சியர்தான் அதன் தலைவர். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறதா, எத்தனை மரங்களுக்கு, எந்த எண்களுக்கு, கன்றுகள் எந்தச் சர்வே எண்ணில் நடப்படும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி இவற்றைக் கேட்டு, விடை வருவதற்குள் நீங்களே ஒரு பட்டியல் தயாரியுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூல் சுற்றிச் சுற்றளவை அளந்து, அடிமரத்தில் பெயிண்டால் எழுதியுள்ள எண் தெரியுமாறு படம் எடுத்து வையுங்கள். அளந்து எழுதாத மரம் காணாமற்போனால், அது அங்கே நின்றதற்கே சான்று இராது.

இந்தப் பட்டியலை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சாலை அகலப்படுத்தும் பணியில், வெட்டுவதற்கு அனுமதி கேட்கப்படாத புளியமரம் ஒன்றின் அருகே வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது பட்டையிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் பள்ளம் இறங்கியிருந்தது. தொடைப் பருமன் வேர்கள் மூன்று, இயந்திரத்தின் பல் பட்டு நார்நாராகக் கிழிந்து, அறுபட்ட முனையில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அடிமரத்தின் வெள்ளை கறுப்புப் பட்டையும் எண்ணும் அழியாமல் அப்படியே இருந்தன. கார்த்திகை மழையில் ஓர் இரவு அம்மரம் பள்ளத்துக்கு எதிர்ப்புறமாக, பூட்டியிருந்த தேநீர்க் கடையின் மேல் சாய்ந்தது. அது வெட்டிய மரம் அன்று, தானாக விழுந்த மரம் என்று கோப்பு முடிக்கப்பட்டதால், அதற்காக ஒரு கன்றுகூட நடப்படவில்லை. வேரை அறுப்பதும் மரத்தை வெட்டுவதுதான்.

கேள்வி (விழுப்புரம், ஓய்வு பெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்): உங்கள் பதிலில் எங்கள் துறையினரின் நிலை சொல்லப்படவில்லை. சாலைக்கு மிக அருகில் நிற்கும் புளியமரத்தில் மோதி இறந்தவர்களின் பட்டியலை நான் என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குப் பத்து என்பது போதுமான இழப்பீடுதானே? அதற்கு மேல் என்ன கேட்கிறீர்கள்?

பதில்: விபத்து குறித்து நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். வளைவில், தார் விளிம்பை ஒட்டி நிற்கும் மரத்தை அகற்றத்தான் வேண்டும் என்று நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆனால் பத்து என்ற எண் எதை ஈடு செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குடை விரிவு 15 மீட்டர் உள்ள ஒரு புளியமரம் ஏறத்தாழ 177 சதுர மீட்டர் தரைக்கு நிழல் தருகிறது. ஒரு மீட்டர் குடை உள்ள கன்றுகள் பத்தையும் சேர்த்தால் 8 சதுர மீட்டர்கூடத் தேறாது. இருபத்திரண்டில் ஒரு பங்கு. அதுவும் பத்தும் பிழைத்திருந்தால்தான். மகாராஷ்டிரத்தில் 2021 இல் கொண்டுவந்த திருத்தம், ஐம்பது வயதைக் கடந்தவற்றைத் தொன்மை மரங்களாக வகைப்படுத்தி, மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்றுகளை நடச் சொல்கிறது. எழுபது வயது மரத்துக்கு எழுபது கன்றுகள் என்றால், வெட்டும் முன் சாலையைச் சற்று வளைக்க முடியுமா என்று யோசிக்கத் தோன்றும்.

அவரே மீண்டும்: எழுபது கன்று நட நிலத்துக்கு எங்கே போவது? மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டால் இந்த வாதமே தேவையில்லையே.

பதில்: பெயர்த்து நடுவது எல்லா மரத்துக்கும் ஒத்துவராது. ஆல், அரசு, அத்தி ஆகியவை போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டாலே துளிர்ப்பவை, அவை பிழைக்கும். ஆழமாக ஆணிவேர் விட்ட முதிய புளியும் வேம்பும் மாவும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சில மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு பக்கமாகப் பள்ளம் எடுத்து வேரைக் கழித்து, புது வேர் விடச் செய்து, வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த வேர்ப்பந்து உடையாமல் தூக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியப்போகும் அவசரத்தில் ஒரே நாளில் பிடுங்கி நடுவது, மரத்தை நின்றபடி உலரவிடுவதே ஆகும். தில்லி 2020 இல் வகுத்த கொள்கை, பெயர்த்து நட்டவற்றில் 80 விழுக்காடு ஓராண்டு கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது. நம் ஒப்பந்தங்களிலும் அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் யோசனையை முழு மனத்துடன் ஆதரிப்பேன்.

கேள்வி (திருச்சி, பள்ளி ஆசிரியை): இந்த விவாதத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கு இழப்பீட்டு நடவாக நாற்பது கன்றுகள் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாணவர்கள் தண்ணீர் ஊற்றியும் கோடை விடுமுறைக்குப் பின் ஆறுதான் மிஞ்சின. குறை எங்களுடையதா?

பதில்: இல்லை அம்மா. விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்தில் கன்றைக் கொடுத்தது அவர்கள் குறை. பொறியாளர் ஐயாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நடும் நாளன்று எண்ணுவதால்தான் பத்து என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது. மூன்று கோடை கழித்து எண்ணினால் உங்கள் பள்ளியில் கிடைத்த கணக்குத்தான் கிடைக்கும். மிஞ்சிய ஆறுக்கும் கூண்டு கட்டுங்கள். அடியில் சருகால் மூடாக்குப் போடுங்கள்.

கேள்வி (மதுரை): பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை எங்கள் பக்கம் வந்தால் வெட்டலாமா?

பதில்: சேலத்தவருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

கேள்வி (ராமநாதபுரம்): கண்மாயில் உள்ள கருவேல மரங்களை அகற்ற அனுமதி தேவையில்லை என்கிறார்களே?

பதில்: எந்தக் கருவேலம் என்று முதலில் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. அதன் நெற்று மணி கோத்த மாலைபோல் இடையிடையே இறுகியிருக்கும். முள் நீண்டு வெளுத்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட கதிர். நெற்று இறுக்கமின்றித் தட்டையாக இருக்கும். அரசு 2022 இல் வெளியிட்ட அயல் ஊடுருவல் தாவரக் கொள்கை சீமைக் கருவேலத்தைத்தான் அகற்றச் சொல்கிறது. அதைச் சாக்கிட்டு, நீர்ப்பறவைகள் கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வழிக்கிறார்கள். கண்மாய் அரசு நிலம் என்பதால், சீமைக் கருவேலமே ஆனாலும் ஏலமோ எழுத்து உத்தரவோ இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி): வரப்புப் பனையைச் செங்கல் சூளைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: 2021 ஆகஸ்டில் வாசிக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். சூளைக்காக அனுமதி கேட்காதீர்கள். ஒரு பனை பலன் தரத் தொடங்குவதற்கே பதினைந்து ஆண்டுக்குக் குறையாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் வளவில் நிற்கும் பனைகளுக்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் காக்கிறது. மூன்றுமே உணவு தருபவை. ஆண்பனை அந்தப் பட்டியலில் இல்லை. கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): அடுத்த மனையில் பட்டுப்போன மரம் எங்கள் வாசலை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. உரியவர் வெளிநாட்டில் இருக்கிறார். கிளையை நாங்களே வெட்டலாமா?

பதில்: கிளை பற்றி இது மூன்றாம் கேள்வி, ஆனால் உங்களுடையது வேறு வகை. விழுந்து ஆளுக்குச் சேதம் விளைவிக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152 ஆம் பிரிவு. படத்துடன் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே கொடுங்கள்.

கேள்வி (தர்மபுரி): தோட்டத்தில் தானாக முளைத்த சந்தனம் என்னுடையதுதானே?

பதில்: உங்களுடையதுதான், ஆனால் நீங்களே வெட்டக் கூடாது. 2008 ஆம் ஆண்டின் பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி வனத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மரம் இருப்பதை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். திருட்டுப் போனால் பழி உங்கள் மேல் விழாது.

விழுப்புரத்துப் பொறியாளர், மூன்றாம் முறை: நீங்கள் சொன்ன எண்ணிக்கைக் கணக்கை ஏற்கிறேன். எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது இருப்பவர் மதிப்பீடு தயாரிக்கிறார். அதில் என்ன எழுதச் சொல்லட்டும்?

பதில்: மிக்க நன்றி ஐயா. நடவுச் செலவுக்கு ஒரு வரியும் பராமரிப்புக்கு மூன்றாண்டுகளுக்கு மூன்று வரிகளும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கன்று ஆறடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். புங்கை, பூவரசு, நாவல், மருது என அந்த மண்ணுக்கு உரியவையாக இருக்க வேண்டும். வெட்டாமல் விடப்படும் மரங்களின் அடியிலிருந்து எத்தனை அடிக்குள் இயந்திரம் வரக் கூடாது என்பதை வரைபடத்திலேயே வட்டமிட்டுக் காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மூன்றாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஊராட்சி உறுப்பினர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அன்று உயிரோடு நிற்கும் கன்றுகளை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப விடுவிக்கச் சொல்லுங்கள்.