தோப்புக்குப் போகாத அப்பா

அன்புள்ள ஐயா,

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கஜா புயலில் எங்கள் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் இருபது மரம்கூட மிஞ்சவில்லை. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்தவே கையிருப்பு கரைந்தது. அப்புறம் கொரோனாவில் திருப்பூரில் என் வேலையும் போனது. கடன் வாங்கித்தான் மறுபடி கன்று வைத்தோம், நான்கு வருஷம் ஆகிறது. அம்மாதான் தண்ணீர் பாய்ச்சுகிறார். அப்பா தோப்புப் பக்கமே போவதில்லை. நாள் முழுக்கத் திண்ணைதான். "மனசைத் தேத்திக்கங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இப்போது எனக்கே தெம்பில்லை. இதிலிருந்து மீள்கிற வலு எங்கிருந்து வரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் "மனசைத் தேத்திக்கங்க" என்பதை நிறுத்திவிடுங்கள். அப்பாவின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

அவர் இளவட்டமாக இருந்தபோது வைத்த மரங்களாக இருக்கும். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஒரு ஆயுளின் உழைப்புக்கு அது எந்த மூலைக்கு? நெட்டை ரகம் பாளை விடவே ஆறேழு வருஷம் ஆகும், நிறைந்து காய்க்க இன்னும் சில வருஷம். வயதான மனிதர் அந்தக் கன்றுகளைப் பார்த்தால் இந்தக் கணக்கைத்தான் போடுவார். இது காய்க்கும்போது நான் இருப்பேனா என்ற கேள்வியோடு தினமும் தோப்புக்குள் நடப்பது லேசான காரியமில்லை. அவரைக் கோழை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புயலுக்கு அடுத்த வாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தேன். விழுந்த மரங்களில் குரும்பை அப்படியே பச்சையாக இருந்தது. ஒரு பெரியவர், நாலு நாளாக வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம், மடை ஓரம் உட்கார்ந்திருந்தார். வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். பார்த்தவர் எழுந்து அரிவாளை எடுத்து, சாய்ந்த மரத்திலிருந்தே இளநீர் வெட்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். "எந்த ஊருப்பா நீங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அவரே ஆள் வைத்து மரம் அறுக்கப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குத் தைரியம் சொல்லவில்லை. அவர் கை செய்ய ஒரு வேலை வந்தது, அதுவும் இன்னொருவருக்காக.

அதனால் அப்பாவிடம் தென்னையைப் பற்றிப் பேசாதீர்கள். கன்றுகளுக்கு இடையில் இன்னும் வெயில் விழும். உளுந்து போடுங்கள், எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். எந்தப் பட்டத்தில் போடலாம், விதை எவ்வளவு வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்தாலும் கேளுங்கள். வருஷக்கணக்கில் காத்திருக்க மனம் வராதவர், அடுத்த மாதம் பூக்கிறதைப் பார்க்க வருவார். முதல் தடவை மறுத்தால் விடுங்கள், அடுத்த பட்டத்தில் திரும்பக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தூக்கமில்லாமல், சாப்பாடு குறைந்து, "இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரி பேசினால், தஞ்சாவூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில், டெலிமானஸ் என்கிற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையில், ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். அந்த நேரத்தில் உளுந்து போதாது, டாக்டர்தான் வேண்டும்.

உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடன் சொசைட்டியிலா, வெளியிலா என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கை நீங்கள் தனியாகவே வைத்துக்கொண்டு புழுங்குவதாகத் தோன்றுகிறது. ஒரு நோட்டில் எழுதி, இந்த வாரமே அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். வட்டி அதிகமானதை எப்படி முதலில் கழிக்கலாம் என்று பேசுங்கள். வெளிக்கடனாக இருந்தால் தொகையோடு எனக்கு எழுதுங்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.