சைக்கிள் இன்ஜின் வேகம் குறையவில்லையா? ஸ்லைடைப் பாருங்கள்

சைக்கிளில் பொருத்திய இன்ஜினின் கார்பரேட்டரைக் கழுவி மாட்டிய பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் அலறுகிறது, ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது பயந்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே அணைக்கும் பொத்தான்) வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த அலறல் சரியாகும்வரை வண்டியை மலைப்பாதையில் எடுக்கவே வேண்டாம்.

கழுவிய பிறகுதான் இப்படி என்பதால் ஸ்லைடு (கார்பரேட்டருக்குள் மேலும் கீழும் நகர்ந்து காற்றின் அளவை மாற்றும் உருளை) திரும்பி உட்கார்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மேல் மூடியைக் கழற்றி ஸ்லைடை வெளியே எடுங்கள். பக்கவாட்டில் நீளமாக ஒரு காடி இருக்கும். கார்பரேட்டர் உள்சுவரில் துருத்தி நிற்கும் சின்ன முளை அதற்குள் இறங்க வேண்டும். அடியில் வெட்டுப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்கணும். சரியாக விழுந்தால் அடிவரை இறங்கி 'டக்' என்று சத்தம் கேட்கும். எனக்கும் ஒருமுறை இதே தவறு நடந்தது, அரை நாள் போனது.

அப்புறம் கேபிள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுக்கிறது, 2 மில்லிமீட்டராவது தளர்வு வையுங்கள்.

இரண்டும் சரி, இன்னும் அலறுகிறது என்றால் கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று புகுகிறது. அங்கே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள். அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும்.