கிளினிக் சாஃப்ட்வேரில் மருந்துச் சீட்டை எப்படி அமைப்பது?

கிருஷ்ணகிரியில் புதிதாகக் கிளினிக் தொடங்கி, நோயாளிப் பதிவுகளுக்கு ஒரு சாஃப்ட்வேரும் வாங்கியிருக்கிறீர்கள். அதில் மருந்துச் சீட்டின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர். நீங்கள் அச்சடித்துத் தரும் தாள் எங்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் வருகிறது, அதனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

கையால் எழுதிய சீட்டு புரியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவோம். பளிச்சென்று அச்சான தவறு அப்படி இல்லை, யாருக்கும் சந்தேகமே வராது. பட்டியலில் ஒரு வரி தள்ளி கிளிக் செய்தால் வேறு மருந்து அழகாக அச்சாகி வரும். ஆகவே ஒவ்வொரு மருந்து வரியும், தவறு இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கிற அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும்.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி கேட்பது இவ்வளவுதான்: டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, தர வேண்டிய மொத்த அளவு, டோஸ். இதில் பெரும்பாலும் விடுபடுவது மொத்த அளவு. "1-0-1, 5 நாள், மொத்தம் 10 மாத்திரை" (காலை 1, மதியம் இல்லை, இரவு 1) என்று அச்சாகட்டும். நாள் கட்டத்தில் 5க்குப் பதில் 15 விழுந்து, சாஃப்ட்வேரே பெருக்கிப் போட்டாலும், 10 வர வேண்டிய இடத்தில் 30 நிற்பது கையெழுத்துப் போடும்போது உங்கள் கண்ணில் படும்.

மருந்தின் பெயரை ஜெனரிக் பெயராக, அதாவது கம்பெனி வைத்த பிராண்ட் பெயராக இல்லாமல் மருந்தின் பொதுப்பெயராக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். 2016இல் திருத்தப்பட்ட மருத்துவக் கவுன்சில் விதியும் அதைத்தான் சொல்கிறது. பிராண்டை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். காம்பினேஷன் மாத்திரை என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தும் எத்தனை மி.கி. என்பது வேண்டும். உங்கள் நோயாளி தேன்கனிக்கோட்டையிலோ அஞ்செட்டியிலோ கடைக்குப் போவார், அங்கே உங்கள் பிராண்ட் இருக்காது.

அப்புறம் எண்கள். 0.5 என்பதை .5 என்று விடக்கூடாது, புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். சில சாஃப்ட்வேர் 5ஐத் தானாகவே 5.0 என்று அச்சடிக்கும். அது 50 ஆகப் படிக்கப்படும், அந்த அமைப்பை முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு 'யூனிட்', தைராய்டு மாத்திரைக்கு 'மைக்ரோகிராம்' என்று முழுதாக வரட்டும்.

குழந்தைகளின் சிரப்பில்தான் எனக்குக் கவலை அதிகம். "பாரசிட்டமால் சிரப் 5 மி.லி." என்று மட்டும் சீட்டு வரும். கடையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. டிராப்ஸ் என்றால் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 150 மி.கி. என்றால் முதல் பாட்டிலில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., டிராப்ஸில் 1.5 மி.லி. குழந்தையின் எடை, மி.கி., மி.லி., பாட்டிலின் அடர்த்தி நான்கும் ஒரே வரியில் இருந்தால், வேறு அடர்த்திதான் கடையில் இருக்கிறது என்றாலும் எங்களால் சரிபார்க்க முடியும்.

இன்னொன்று, வாரம் ஒரு முறை மருந்துகள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதும்போது டெம்ப்ளேட் தானாக 1-0-0 என்று போட்டுவிட்டால், அதைத் தினமும் சாப்பிடுகிற நோயாளியின் உயிருக்கே ஆபத்து. கீழே குறிப்பில் 'வாரம் ஒரு முறை' என்று எழுதியது போதாது, மேலே இருக்கும் 1-0-0 வேறு சொல்கிறதே! டோஸ் கட்டத்திலேயே 'வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும்' என்று வரும்படி தனியாக ஒரு தேர்வு வையுங்கள். 'எஸ்.ஓ.எஸ்.' (தேவைப்பட்டால் மட்டும்) என்பதையும் விரித்து எழுதுங்கள்: எதற்கு, எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை.

சாப்பிடும் முறை நோயாளி படிக்கிற மொழியில் இருக்கட்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் நிறைய, சாஃப்ட்வேரில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். யூனிகோட் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக அச்சாகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கிளினிக் முகவரியும் உங்கள் பதிவு எண்ணும் சீட்டில் தெளிவாக வேண்டும். எச்1 பட்டியல் மருந்து (சில ஆன்டிபயாடிக் போன்ற, தனிக் கட்டுப்பாடு உள்ளவை) கொடுத்தால், எழுதிய டாக்டரின் பெயர், முகவரியோடு பதிவேட்டில் ஏற்றி 3 வருடம் நாங்கள் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, 'ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள்' என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். வீடு தேடி வந்து மருந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இங்கே பலருக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் இருப்பது தெரியாமல் நீங்கள் மெட்ஃபார்மின் கலந்த காம்பினேஷன் எழுதினால், அவர்கள் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். பழையதில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதையும் அதே தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.