டொச் படிப்பிக்கும் பொட்காஸ்ட்: கேள்வி பதில்

கலியாணம் முடித்து ஜேர்மனி போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் இருந்து டொச் (ஜேர்மன் மொழி) பாடங்களை ஒலிப்பதிவு செய்கிறேன். அதைப் பற்றியும், தாங்களும் அப்படிப் பதிவது பற்றியும் கேட்டவர்களுக்கு என் பதில்கள். முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பரந்தன்: எந்த மைக் வாங்கலாம் அண்ணை?
இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டு அதன் முன்னால் இருங்கள், எதிரொலி அடங்கும். போனை வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தகரக் கூரை என்றால் மாரிக்கு முன்பே நாலைந்து பாடங்களைப் பதிந்து வையுங்கள்.

மல்லாவி: பாடம் எவ்வளவு நீளம்? டேட்டா தின்னுமா?
பத்து நிமிடம் போதும். மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்), 64 கேபிபிஎஸ் (ஒலித்தர அளவு) எம்பி3 ஆக்கினால் 5 எம்பிக்குள் அடங்கும், வட்ஸ்அப்பிலும் அனுப்பலாம்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தையும் நீங்களே கதைத்து நிரப்பாதீர்கள். ஒரு வசனம் சொன்னால், கேட்பவர் திருப்பிச் சொல்ல நாலு விநாடி விடுங்கள். போல் பிம்ஸ்லர் என்ற மொழியியலாளர் 1967இல் ஒரு கணக்குச் சொன்னார்: புதுச் சொல் 5 விநாடியில், 25 விநாடியில், 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில் திரும்ப வரவேண்டும். நம் பாடத்துக்கு அது அளவாகப் பொருந்துகிறது. நான் ஒரு பாடத்தில் ஏழு சொல்லுக்கு மேல் வைப்பதில்லை.

முல்லைத்தீவு: நல்ல மைக் எது?
பரந்தன் தம்பிக்குச் சொன்னதுதான்.

நெடுங்கேணி: டொச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பலாமா?
வேண்டவே வேண்டாம். ‘பக்கன்’ என்று எழுதினால் பாண் சுடுவதா, பெட்டி அடுக்குவதா? டொச்சில் இரண்டும் வேறு வேறு சொல். முதல் ஒலி மட்டுமே வித்தியாசம். நம் ‘ப’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஒட்டுசுட்டான்: நான் அப்படி எழுதிப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன் அண்ணை. ஆங்கில எழுத்தே தடுமாறும் பிள்ளைக்கு வேறு வழி என்ன?
உங்கள் உழைப்பை மதிக்கிறேன் தங்கச்சி. ஆனால் நீங்கள் எழுதும்போது ஒலி ஏற்கனவே உங்கள் காதில் இருந்தது. புதிதாக வரும் பிள்ளைக்கு அந்த எழுத்து மட்டும்தான் துணை. ‘ஷோன்’ என்று வாசித்தால் ‘ஏற்கனவே’ என்று பொருள். ‘அழகு’ என்பதற்கான சொல்லையும் தமிழில் அப்படித்தான் எழுதுவோம், ஆனால் அதைச் சொல்ல, வாய்க்குள் ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவிக்க வேண்டும். அதை எந்தத் தமிழ் எழுத்தும் காட்டாது, குரல்தான் காட்டும்.

நம் தமிழ் கைகொடுக்கும் இடம் குறில் நெடில். ‘ஷ்டட்’ என்றால் நகரம், ‘ஷ்டாட்’ என்றால் அரசு. நம் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். முதல் பாடத்தையே அங்கே தொடங்குங்கள்.

ஒட்டுசுட்டான்: சரி, எழுத்துக்கு மேலே அடையாளம் போட்டால்?
உங்கள் கொப்பியில் போடுங்கள். கேட்பவருக்கு அனுப்ப வேண்டாம்.

வவுனியா: விசாவுக்கு என்னென்ன கடிதம் வேண்டும்?
தூதரகத்திடம் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு: மைக்...
மேலே இரண்டு தரம் இருக்கிறது. தயவுசெய்து வாசியுங்கள்.

மாங்குளம்: பொட்காஸ்ட் மட்டும் கேட்டு ஏ1 (டொச் ஆரம்பநிலைப் பரீட்சை) சித்தியடையலாமா?
முடியாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. 100க்கு 60 எடுக்க வேண்டும். பொட்காஸ்ட் காதையும் நாக்கையும்தான் பழக்கும். படிவம் நிரப்புவதையும் சின்னக் கடிதம் எழுதுவதையும் தினமும் கொப்பியில் செய்யுங்கள், டொச் எழுத்திலேயே.