உளவியல் ஆய்வில் மாறி என்றால் என்ன? கணக்கு வராதவர்கள் புள்ளியியலைச் சமாளிக்க முடியுமா?

இதைக் கேட்பவர் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருப்பார் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டிருப்பீர்கள். "மாறிகளை எழுதிக்கொண்டு வா" என்று கைடு அனுப்பியிருப்பார். நானும் அப்படி நின்றவள்தான்.

கணக்கைப் பற்றிப் பயம் வேண்டாம், அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள், சூழலுக்குச் சூழல் மாறக்கூடிய எதுவும் மாறிதான். எது மாறுகிறது என்று கவனிப்பதுதான் உங்கள் வேலை. உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். நிறப் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னார். வெறும் நிறக் கட்டங்கள் நூற்றுக்குச் சராசரியாக 63.3 நொடி ஆனது. சொல்லும் மையும் முரண்பட்டபோது 110.3 நொடி. அவர் மாற்றியது தாளை, அது சாரா மாறி. அதையொட்டி மாறியது நேரம், அது சார்ந்த மாறி.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியும் வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், மாட்டினேன். பின்னணி இசை இருந்தால் சொற்கள் அதிகம் நினைவில் நிற்குமா என்பது என் தலைப்பு. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு இசையோடு 20 சொற்கள், 'ஆ' பிரிவுக்கு இசை இல்லாமல் அதே 20 சொற்கள். பிரிவுக்கு 30 பிள்ளைகள். இசைக் குழுவின் சராசரி 12.4, மற்றதற்கு 10.1. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05-க்கு நன்றாகக் கீழே வந்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். "ரெண்டு பிரிவுக்கும் எந்தப் பீரியடும்மா?" 'அ' பிரிவுக்குக் காலை முதல் பீரியட், 'ஆ' பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. பள்ளியில் கொடுத்த நேரம் அதுதான். இசை மாறிய இடத்தில் நேரமும் சேர்ந்து மாறியிருக்கிறது. வித்தியாசம் இசையால் வந்ததா, உண்ட மயக்கத்தால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வகுப்பில் இதை கன்பவுண்டிங் மாறி என்போம். இசையால் எந்த விளைவும் இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு காட்டும். காரணத்தைக் காட்டாது. ஒரே வகுப்பில் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில் இரண்டு அறையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

பாலினம், ஊர் இவற்றைச் சாரா மாறி என்று எழுதும் ஆய்வேடுகள் நிறைய உண்டு, எனக்கும் தெரியும். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை நீங்கள் மாற்றவில்லை, இருந்தபடியே எடுத்துக்கொண்டீர்கள். அதனால் 'இதனால்தான் இது' என்று முடிவுரையில் அடித்து எழுதாதீர்கள்.

அப்புறம், அளவுகோல். பதற்றத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டால், 4 போட்டவருக்கு 2 போட்டவரைப் போல இருமடங்கு பதற்றம் என்று ஆகாது. வரிசை மட்டும்தான் நிச்சயம். உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946-இல் பிரித்த நான்கு வகை அளவுகோல்களை ஒரு தடவை படித்துவிடுங்கள், அரை மணி நேரம் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. ஆய்வேட்டுக்குக் கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, ஐந்து பிரதி. பைண்டிங்குக்கு மட்டும் என் ஒரு மாத ஹாஸ்டல் சாப்பாட்டுக் காசு போனது. அதே பைண்டிங் கடையில் "புள்ளியியலும் போட்டுத் தருவோம்" என்று ஒரு போர்டு. டேட்டாவைக் கொடுத்தால் அட்டவணையோடு வந்துவிடும். இரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பீரியடில் உட்கார்ந்தது என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அட்டையின் நிறம் தப்பு என்று மட்டும் என் தோழியைத் திருப்பி அனுப்பினார்கள்.

உங்கள் தலைப்பையும், யாரிடம் எப்போது டேட்டா எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.