தேய்ந்த ஸ்போர்ட்ஸ் டயர் இரைகிறதா? புதியது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது மஸ்டா அக்செலா. 215/45 ஆர் 18 அளவில் ஸ்போர்ட்ஸ் டயர் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும்போது 50ஐத் தாண்டினால் பின்பக்கத்தில் "ஊ" என்று ஒரு இரைச்சல். நல்ல காபட் வீதியிலும் அப்படித்தான். டயர்க் கடையில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். கராஜில் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— ஆரையம்பதி வாசகர்

பதில்: இரண்டு பேருக்கும் காசு கொடுக்குமுன் வீட்டு வாசலிலேயே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேரிங்கா டயரா என்று பிரியுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்து ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது இரைச்சல் கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். டயர்ச் சத்தம் இப்படி ஏறி இறங்குவது குறைவு. அது வீதிக்கு வீதி மாறும். காபட்டிலிருந்து கொங்கிறீட் வீதிக்கு இறங்கியதும் சுருதி மாறினால் டயர். எந்த வீதியிலும் ஒரே சத்தம், வேகத்துக்கு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் பேரிங். இன்னும் ஐயமாக இருந்தால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயரேதான். பேரிங் அச்சோடு இருக்கும், இடம் மாறாது. போன மாரியில் வெள்ளத்துக்குள் சில்லு அமிழ ஓட்டியிருந்தால் கராஜ்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். தண்ணீரும் சேறும் சீலைத் தாண்டிப் புகுந்தால் பேரிங் சில மாதம் கழித்துத்தான் சத்தம் போடத் தொடங்கும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் வேறொன்றைக் காட்டுகின்றன. முன்சில்லு இழுக்கும் கார், பின்பக்கச் சத்தம், மூன்று வருட ஸ்போர்ட்ஸ் டயர்: இது பெரும்பாலும் வாள்பல் தேய்மானம், அதாவது டயரின் ரப்பர்க் கட்டைகள் வாளின் பல்லைப் போல ஒரு விளிம்பில் மட்டும் கூடத் தேய்வது. பின்பக்கத்தை ஜக் அடித்து, ஸ்டாண்டும் வைத்த பிறகு, சில்லைக் கழற்றி டயரின் நிலம்படும் முகத்தை உள்ளங்கையால் சுற்றுவாக்கில் ஒருதரம் முன்னோக்கியும் ஒருதரம் பின்னோக்கியும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பல் பல்லாகவும் தட்டுப்பட்டால் சந்தேகமே இல்லை. உட்பக்க ஓரத்தைத் தவறாமல் தடவ வேண்டும். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாக இருக்கும், உள் ஓரம்தான் பல்லாகித் தேய்ந்திருக்கும்.

இது ஏன் பின்னுக்கு வருகிறது? பின்சில்லுகள் இழுவிசை இல்லாமல் சும்மா உருளுகின்றன, பாரமும் குறைவு. டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் நிலத்தில் பட்டு விலகும் கணத்தில் சற்று வழுக்குகிறது. அதனால் கட்டையின் ஒரு விளிம்பு மற்றதைவிடக் கூடத் தேய்கிறது. முன்சில்லில் என்ஜின் இழுவை அந்தத் தேய்மானத்தை ஓரளவு சரிக்கட்டிவிடும். ஸ்போர்ட்ஸ் டயரின் தோள்ப்பக்கக் கட்டைகள் பெரியவை, ரப்பர் மென்மையானது, பக்கச்சுவர் குட்டை. ஆகவே பல்லும் சீக்கிரம் விழும், விழுந்த பல் நிலத்தில் தட்டும் தட்டு நேரே காரின் பொடிக்குள்ளும் ஏறும். டயர் தேயத் தேயச் சத்தம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. சீராகத் தேய்ந்தால் அப்படி நடக்கலாம். பல்லாகத் தேய்ந்தால் நடக்காது.

பல் விழுவதை விரைவுபடுத்துவது பின்பக்க டோ, அதாவது இரண்டு சில்லுகளும் மேலிருந்து பார்க்க ஒன்றுக்கொன்று எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்ற அளவு. முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையில் மொத்தமாக 3 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலே உங்கள் அளவு டயர் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீற்றருக்கு 2 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. அக்செலாவின் பின்பக்கம் மல்டிலிங்க் வகை, அதாவது ஒவ்வொரு சில்லையும் பல தனித்தனிக் கைகள் தாங்கும், அங்கே டோவைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆகவே எலைன்மென்ட் செய்யும் இடத்தில் முன்னுக்கு மட்டும் பார்த்து அனுப்பினால் ஏற்காதீர்கள். நான்கு சில்லு எலைன்மென்ட் வேண்டும், செய்யுமுன் இருந்த அளவும் செய்த பின் உள்ள அளவும் அச்சிட்ட தாளில் வேண்டும். தாள் தராத இடத்தில் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஒழுங்கு இதுதான்: முதலில் பின்பக்க ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆட்டம் உள்ள புஷ்ஷோடு செய்த எலைன்மென்ட் முதல் குழியிலேயே மாறிவிடும். பிறகு டயர், அதே நாளில் எலைன்மென்ட். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி டயரை மட்டும் மாற்றினால் சத்தம் போகும், ஆனால் புது டயரும் அதே பல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்.

இப்போதுள்ள டயரை வைத்திருக்கலாமா என்பது அதன் பள்ளங்களின் ஆழத்தைப் பொறுத்தது. புதிதில் 7–8 மில்லிமீற்றர் இருக்கும். 4க்கு மேல் மிஞ்சியிருந்து, பல் சிறிதாக இருந்தால் பின் டயர்களை முன்னுக்குப் போட்டு ஓட்டலாம். முதலில் சத்தம் கூடும், ஏனென்றால் அது உங்கள் காலடிக்கு வந்துவிடுகிறது. பிறகு இரண்டு மூவாயிரம் கிலோமீற்றரில் மெல்ல மட்டப்படும். முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீற்றர் அடையாள மேடு ரப்பரோடு சமமாகிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வைத்திருக்கிறேன். பின்பக்கம் எலைன்மென்ட் செய்ய முடியாது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— கல்முனை வாசகர்

பதில்: இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காரின் பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சில்லுகளையும் இணைக்கும் ஒரே சட்டம், சரிசெய்யும் போல்ட் கிடையாது. அளந்து பார்க்கத்தான் முடியும். அளவு வெகுவாகப் பிசகியிருந்தால் பீம் வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். உங்களுக்கு மருந்து 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர் மாற்றிப் போடுவது. டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான் மாற்றலாம். உட்பக்கம் வெளிப்பக்கம் என்று மட்டும் எழுதியிருந்தால் குறுக்காகவும் மாற்றலாம். குறுக்கே போட்டால் டயர் எதிர்த்திசையில் சுழலும், விழுந்த பல் தேய ஆரம்பிக்கும். டயர் வாங்கும்போதே இதை யோசிப்பது நல்லது: அம்புக்குறி டயர் பார்க்க அழகு, மாற்றிப் போட வசதியில்லாதது.

கேள்வி: காற்றைக் குறைத்தால் சத்தம் குறையும் என்கிறார் ஒருவர். நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். கதவுக்கும் டிக்கிக்கும் சவுண்ட் ப்ரூஃப் ஒட்டச் சொல்கிறார் மூன்றாமவர்.
— அம்பாறை வாசகர்

பதில்: காற்றைக் குறைக்காதீர்கள். இரண்டு ஓரங்களும் தேயும், டயர் சூடாகும், பல் இன்னும் வேகமாக விழும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். அம்பாறை வெயிலில் ஓடிவந்து பெற்றோல் செட்டில் அளந்தால் 4 பி.எஸ்.ஐ. வரை கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒட்டும் தகடு பற்றி: பியூட்டைல் தகடு தகரத்தின் அதிர்வை அடக்கும், சில்லுக் குழிக்கு மேலே ஒட்டினால் கல் தெறிக்கும் சத்தமும் மழைநீர்ச் சத்தமும் நன்றாகவே குறையும். டயர் இரைச்சலின் அடித்தொனி சஸ்பென்ஷன் வழியாகப் பொடிக்கு வருவது. அதைக் கதவில் ஒட்டிய தகடு தடுக்காது. டயரும் எலைன்மென்டும் சரியான பிறகும் மனம் ஆறவில்லை என்றால் அப்போது ஒட்டுங்கள். அதற்கு முன் ஒட்டுவது வீண் செலவு, காரின் எடை கூடுவதுதான் மிச்சம்.

கேள்வி: புது டயர் வாங்கப் போகிறேன். சத்தம் குறைந்த டயர் எது என்று பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? 18 அங்குல ரிம்மை 16 ஆக்கலாமா?
— களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: ஒரே கம்பனியிலேயே இரண்டு குடும்பங்கள் உண்டு. மிஷெலினில் பைலட் ஸ்போர்ட் ஒரு பக்கம், பிரைமசி மறுபக்கம். பிரிட்ஜ்ஸ்டோனில் பொட்டென்சாவும் டுரான்சாவும். யோகோஹாமாவில் அட்வான் ஸ்போர்ட்டும் புளூஎர்த்தும். முதல் பெயர்கள் பிடிமானத்துக்கு, இரண்டாவது பெயர்கள் அமைதிக்கும் ஆயுளுக்கும். பக்கச்சுவரில் ட்ரெட்வெயார் (TREADWEAR) என்று ஒரு எண் இருந்தால் அதையும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் டயர்களில் 200–340 அளவில் இருப்பது வழக்கம், பயண டயர்களில் 400க்கு மேல். இலக்கம் கூடினால் ரப்பர் மெதுவாகத் தேயும். இது கம்பனிகள் தாமே போடும் எண் என்பதால் ஒரே கம்பனிக்குள் ஒப்பிடத்தான் உதவும்.

ஐரோப்பிய லேபல் ஒட்டிய டயரில் டெசிபெல் கணக்கு இருக்கும், 68, 71, 72 என்று. பலர் இதைக் காருக்குள் கேட்கும் சத்தம் என்று எண்ணி வாங்கி ஏமாறுகிறார்கள். அது கார் கடந்து போகும்போது வீதியோரத்தில் அளப்பது. 3 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும் என்பதால் அந்த எண் பயனற்றதல்ல, ஆனால் உள்ளே கேட்பதற்கு உத்தரவாதமும் அல்ல. உட்சுவரில் பஞ்சு ஒட்டிய டயர்களும் வருகின்றன. டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹேட்ஸ் அளவில் முழங்குவதை அது அடக்கும். பஞ்சர் ஒட்டும்போது அந்த இடத்துப் பஞ்சை வெட்டியெடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அதைச் செய்யத் தெரிந்த கடை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

16க்கு இறங்குவதைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். 215/45 ஆர் 18 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 651 மில்லிமீற்றர், 205/60 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 652. வேகமானி பிசகாது. ஆனால் பக்கச்சுவர் 97 மில்லிமீற்றரிலிருந்து 123 ஆகிறது. சத்தம் மட்டுமா, படுவான்கரைப் பக்கத்துக் கிரவல் வீதியில் ரிம் வளைவதும் குறையும். 205/60 ஆர் 16 அக்செலாவுக்கே கம்பனி கொடுத்த அளவுகளில் ஒன்று. வேறு கார் என்றால் ரிம் வாங்குமுன் போல்ட் துவாரங்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும், பிரேக் கலிப்பர் உள்ளே இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். பாரக் குறியீட்டு எண் காரோடு வந்ததைவிடக் குறையக் கூடாது. ஊருக்கு வெளியே சாதாரண வீதியில் காருக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை என்ற நாட்டில், 240க்கு மேல் ஓடத் தாங்கும் டயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது ஆசைக்குச் செய்யும் செலவு. ஆசை தப்பல்ல, சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் புதியவை பின்னுக்கு. முன்சில்லு இழுக்கும் காருக்கும் அதுதான் விதி. மாரி மழையில் பின் டயர் தண்ணீரில் மிதந்தால் கார் சுற்றிவிடும், அதைப் பிடிப்பது கடினம்.

கேள்வி: ஜப்பானில் பாவித்த டயர் என்று பூ நிறைந்த ஸ்போர்ட்ஸ் டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஏறாவூர் வாசகர்

பதில்: பக்கச்சுவரில் டொட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆழம் எவ்வளவு இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும், இறுகிய ரப்பர் இரையும், ஈரத்தில் வழுக்கும். நம் பக்கத்து வெயிலில் வெளியே அடுக்கி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஐந்து வருடம் கடந்த பாவித்த டயரை எங்கள் கணக்கில் வாங்கக் கூடாது. கட்டைகளின் அடியில் நுண்வெடிப்பு, உட்பக்கத்தில் ஒட்டுத் தழும்பு, வாள்பல் மூன்றையும் பாருங்கள். வேறொரு காரில் பல் விழுந்த டயர் உங்கள் காரிலும் அப்படியே இரையும்.

கேள்வி: புதிதாகப் போட்ட டயர் ஒரு வாரத்திலேயே தட் தட் என்கிறது. கடைக்காரர் ஓட ஓடச் சரியாகும் என்கிறார்.
— காத்தான்குடி வாசகர்

பதில்: புது டயருக்கு முதல் 300 கிலோமீற்றர் வரை பிடிமானம் சற்றுக் குறைவாக இருக்கலாம், தட் தட் என்று அடிக்காது. இன்டர்லொக் கல் வீதியை விட்டுக் காபட்டில் ஓட்டியும் அடித்தால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளே இழை பிரிந்து புடைப்பு வந்திருக்கிறது. ஜக் அடித்து, கையால் சுழற்றி, ஒரு பேனையை டயர் முகத்துக்கு அருகில் அசையாமல் பிடித்தால் மேடு தெரியும். புடைப்பு இருந்தால் ஓட்டாதீர்கள், கடைக்காரர் சொன்னதுபோல் பொறுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பற்றுச்சீட்டு வேண்டும். கேட்டால் சீட்டுக் கொடுப்பது வர்த்தகரின் சட்டக் கடமை. அதில் டயரின் பெயர், அளவு, நான்கு இலக்கத் திகதிக் குறி மூன்றையும் எழுதி வாங்கியிருந்தால் "இது நாங்கள் விற்ற டயரல்ல" என்ற பேச்சு எழாது. புடைப்பைப் புகைப்படம் எடுத்து, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், துரித இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். கடைக்காரர் "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லச் சொல்ல அந்த நாட்கள்தான் கரைகின்றன.