துபாய், ஜெய்சல்மேர் பாலைவன ரிசார்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வேளச்சேரியிலிருந்து: கல்யாணமாகி முதல் பயணம் சார். பாலைவன ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கினால் போரடிக்குமா?

போரடிக்காது, ஆனால் நாளைச் சரியாகப் பிரிக்க வேண்டும். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் மட்டும்தான் வெளியே போக. நடுப்பகலைக் குளத்துக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். நம் ஆட்கள் ஒன்பது மணிக்கு எழுந்து, டிபன் முடித்து, பதினோரு மணிக்கு ஒட்டகம் கேட்பார்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் துபாயில் அல் மஹா ரிசார்ட். 225 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பாலைவனத்துக்குள் இருக்கிறது, தங்கும் இடத்துக்கே தனி நீச்சல் குளம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் காட்டில் அறவே அழிந்துபோய், வளர்ப்பிலிருந்து மீட்கப்பட்ட அரேபிய ஓரிக்ஸ் மான்கள் அங்கே அறை வாசல் வரை வரும். எதைத் தவறவிட்டாலும் வழிகாட்டியோடு காலை நடையைத் தவறவிடாதீர்கள். இரவுக் காற்று மணலைத் துடைத்து வைத்திருக்கும். அதன்மேல் வண்டு போன தடம் தையல் போட்டது போல நீளமாக ஓடி, ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். பக்கத்திலேயே பறவையின் கால் தடம் இருக்கும். கையில் தண்ணீர் இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து: மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, ரூம் விலையும் குறைவு. போகலாமா?

வேண்டாம். இரண்டு ஊரிலும் 40 டிகிரியைத் தாண்டும், ரூமை விட்டு வெளியே வர முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். அரையாண்டுத் தேர்வு லீவில் போங்கள்.

அண்ணா நகரிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒட்டகத்தில் ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். காலை அகட்டி உட்காருவதே சிரமம். அதோடு ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், ஏறியவர் முன்பக்கம் சரிவார். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், மறுபடியும் முன்பக்கம். நீங்கள் ஏறினால் இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து, பிடியை இறுக்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சமதரையில் மெதுவாகப் போகும் ஜீப் கேளுங்கள். அவருக்கும் தண்ணீர் பாட்டில், மறக்காமல்.

அடையாறிலிருந்து: மே மாதம் ஜெய்சல்மேர் எப்படி?

தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

பெருங்குடியிலிருந்து: மணல்மேட்டில் வண்டி விடாமல் வந்தால் பாலைவனம் போனதாகவே கணக்கில்லை. வளசரவாக்கம் நண்பர் அது பாலைவனத்தை அழிக்கும் வேலை என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பேரும் பாதி பாதி சரி. டயர் காற்றை 15, 18 psi வரை இறக்கி, டயர் அகலமாக மணலில் பதிய, தேர்ந்த ஓட்டுநர் மேட்டில் ஏற்றும்போது வயிறு தொண்டைக்கு வரும், அந்தக் குதூகலத்தை நான் குறை சொல்லமாட்டேன். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் மட்டும் ஏறவே கூடாது. நகரும் வெறும் மணலில் விழுந்த டயர் தடத்தைக் காற்று சீக்கிரம் மூடிவிடும், அதற்கென்று விட்ட இடத்தில் ஓட்டினால் பெரிய சேதமில்லை. ஆனால் மேடுகளுக்கு இடையே இருக்கும் கெட்டித் தரையிலும் புல் திட்டிலும் ஏறினால் தடம் பல வருடம் நிற்கும், பல்லி வளைகள் நசுங்கும். ஜெய்சல்மேரில் இன்னும் கவனம் வேண்டும். ஸாம் மணல்மேடுகளை ஒட்டித்தான் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கேதான் கானமயில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை, இன்று காட்டில் ஏறத்தாழ 150தான். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான், அதையும் வெறும் தரையில் இடும். டயருக்கு அது தெரியாது. ஓட்டுநர் தடத்தை விட்டு வண்டியைத் திருப்பினால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், காசு கொடுப்பவர் சொன்னால் கேட்பார்.

வளசரவாக்கத்திலிருந்து: அப்போ முழுசாகவே தடை செய்யலாமே?

ஒட்டகமும் ஜீப்பும் கூடாரமும்தான் அங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இடத்தைக் குறுக்கலாம், தடை வேண்டாம் என்பது என் கருத்து. இதோடு இந்த விவாதத்தை விட்டுவிடுவோம்.

மடிப்பாக்கத்திலிருந்து: ஜூன் முதல் வாரம்?

மேலே படியுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: சென்னை வெயிலிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், சமாளிக்க மாட்டோமா?

அந்தத் தைரியம்தான் ஆபத்து. இங்கே வேர்வை சட்டையில் ஒட்டி நம்மை எச்சரிக்கும். அங்கே காற்று காய்ந்தது, வேர்த்தது தெரியாமலே உலர்ந்து போகும், சட்டையில் உப்பு வெள்ளையாகப் படிந்த பிறகுதான் கவனிப்பீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள்.

போரூரிலிருந்து: துபாய் விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

டிராவல் ஏஜென்டைக் கேளுங்கள்.

பல்லாவரத்திலிருந்து: ஜெய்சல்மேரில் ஒரு ராத்திரிதான். ஸாம் மணல்மேடா, குரி கிராமமா?

பாட்டும் ஆட்டமும் வேண்டுமானால் ஸாம், அமைதி வேண்டுமானால் குரி. நட்சத்திரம் பார்க்க ஆசையிருந்தால் அமாவாசையை ஒட்டி நாள் பாருங்கள். ஜனவரி ராத்திரியில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம். கூடாரத்தில் எத்தனை கம்பளி தருவார்கள், ஸ்பீக்கரை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று போனில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.